ஏழாயிரம் வெள்ளிப் பெட்டியும் அத்தையின் ஒரு பொத்தானும்

வானொலியில் வேலை பார்ப்பவர்களிடம் மக்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ஒன்று, “அந்தப் பாட்டை மட்டும் ஏன் போடவே மாட்டேங்கிறீங்க?” இன்னொன்று, “வீட்டுக்கு நல்ல செட்டு எது வாங்கலாம்?” முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. இரண்டாவதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும். போன மாதம் வந்த ஒரு மின்னஞ்சல் அதை இங்கேயே எழுத வைத்துவிட்டது.

எழுதியவர் ஒரு வாசகி. தெங்காவில் புது பிடிஓ வீட்டுக்குச் சாவி வாங்கி ஏழு மாதம் ஆகிறதாம். வீட்டில் ஏற்கெனவே 500 வெள்ளிச் சொச்சத்துக்கு வாங்கிய ஒரு ஸ்ட்ரீமர் இருக்கிறது. ஓர் ஆம்ப்ளிஃபயர், புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர். கணவர் ஒரு கடையில் 6,900 வெள்ளி ஸ்ட்ரீமர் ஒன்றைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து தூக்கமில்லாமல் இருக்கிறாராம். “போனஸ் பணம் இருக்கு அக்கா, அது பிரச்சினை இல்லை. வித்தியாசம் நிஜமா தெரியுமா?” என்று கேட்டிருந்தார். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தார்: “அத்தை எங்களோடதான் இருக்காங்க. எந்தப் பெட்டியும் வேணாம், பழைய சிடி பிளேயரைத் தேடி எடுத்துக் குடுங்கன்னு சொல்றாங்க.”

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்ட்ரீமர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வீட்டு இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு சின்னக் கணினி அது, பாட்டைத் தவிர வேறு வேலை தெரியாத கணினி. கைப்பேசிச் செயலியில் ஒரு பாட்டைத் தொடுகிறீர்கள். எந்தப் பாட்டு, எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ஸ்ட்ரீமரிடம் சொல்லிவிட்டுக் கைப்பேசி ஒதுங்கிக்கொள்கிறது. பாட்டை இணையத்திலிருந்தோ, வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்கிலிருந்தோ எடுத்து வருவது ஸ்ட்ரீமரே. நடுவில் யாராவது போன் செய்தாலும், நீங்கள் கைப்பேசியோடு கீழே காப்பிக்கடைக்குப் போய்விட்டாலும் பாட்டு நிற்காது. புளூடூத்தில் அப்படி இல்லை. அங்கே பாட்டு கைப்பேசி வழியாகத்தான் வரவேண்டும். வருகிற வழியில் இன்னொரு தடவை சுருக்கப்படும். வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்க நினைப்பவர்கள் புளூடூத்திலிருந்து ஸ்ட்ரீமருக்கு மாறினால் வித்தியாசம் தெரியும். அந்தப் படியை ஏறச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. 500 வெள்ளியிலிருந்து 7,000 வெள்ளிக்கு ஏறுகிற படி வேறு.

ஸ்ட்ரீமர் எடுத்து வருவது வெறும் எண்கள். அந்த எண்களை மின்சாரமாக மாற்றுகிற பகுதியை டேக் என்பார்கள். பெரும்பாலான ஸ்ட்ரீமர்களில் இது உள்ளேயே இருக்கும். சில விலை உயர்ந்த மாடல்களில் வேண்டுமென்றே வைக்கமாட்டார்கள். தனியாக வாங்கச் சொல்வார்கள். டேக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயர், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரிலிருந்து உங்கள் அறை, அறையிலிருந்து காது. இந்த வரிசையில் பின்னால் போகப் போகத்தான் ஒலி அதிகமாகக் கெடுகிறது. கடைகளில் பேச்சு என்னவோ முன்னாலிருந்து தொடங்கும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஒரு சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். கணக்குப் போட்டால் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 1,411 கிலோபிட். ஸ்பாட்டிஃபை பல ஆண்டுகளாக அதிகபட்சம் 320 கிலோபிட்தான் கொடுத்தது. 2025 செப்டம்பரில்தான் இழப்பில்லாத தரத்துக்கு வந்தது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலேயே கூடுதல் கட்டணமில்லாமல் அதைக் கொடுத்துவிட்டது. அதற்கும் மேலே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் ‘ஹை-ரெஸ்’ இருக்கிறது. விலை உயர்ந்த பெட்டிகளின் விளம்பரம் பெரும்பாலும் இந்த எண்களில்தான் நடக்கிறது.

ஒரு சிடி பதிவால் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை வைத்திருக்க முடியும். இளம் வயதில் மனிதக் காது கேட்பதே சுமார் 20 வரைதான்; வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். நாங்கள் பண்பலையில் அனுப்புகிற ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டு மேலே எதுவோ குறைகிறது என்று எந்த நேயரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. குறைகிறது என்று அவர்கள் சொல்வதெல்லாம் பழைய பாட்டு.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2007ல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஹை-ரெஸ் பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அதுதான் வரும். 2016ல் லண்டனில் ஜோஷுவா ரீஸ் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது 52 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு 60 பக்கம் போனது. ஆகவே வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்கு சோபாவில் சாய்கிறவர் அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழிக்கலாமா என்று கேட்டால், நான் வேண்டாம் என்பேன்.

“அப்படியானால் கடையில் கேட்டபோது அவ்வளவு நன்றாக இருந்ததே?” என்று அந்தக் கணவர் கேட்பார். இருந்திருக்கும். கடையில் அந்தப் பெட்டியோடு சேர்ந்திருந்தது இருபதாயிரம் வெள்ளி ஸ்பீக்கராக இருக்கலாம். அறை ஒலிக்கென்றே தயார் செய்யப்பட்டதாக இருந்திருக்கும். இன்னொரு விஷயம் வானொலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்: கொஞ்சம் சத்தம் கூடினால் போதும், மனிதர்கள் அதைச் சத்தம் என்று உணர்வதில்லை, தெளிவு என்றும் ஆழம் என்றும் உணர்வார்கள். ஸ்ட்ரீமர்களின் வெளியீடு பொதுவாக 2 வோல்ட். ஒரு பெட்டி 2.3 வோல்ட் கொடுத்தால் ஒலி 1 டெசிபலுக்கு மேல் கூடிவிடும். யாரும் ஏமாற்றவே வேண்டாம், காது தானாக அந்தப் பக்கம் சாயும்.

அதனால் இந்த ஆசை வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்காரரிடம் பெட்டியை இரண்டு நாள் வீட்டுக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்ஃபி கட்டடத்தில் இந்த வகைக் கடைகள் பல இருக்கின்றன. உண்மையாகவே வாங்கப் போகிறவர் என்று தெரிந்தால் ஒத்துக்கொள்ளும் கடையைக் கண்டுபிடிக்கலாம். வீட்டில் உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பெட்டிகளையும் இரண்டு உள்ளீடுகளில் செருகுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து இரண்டின் அளவையும் சமப்படுத்துங்கள். பிறகு நீங்கள் திரும்பி உட்கார, மனைவி மாற்றி மாற்றிப் போடட்டும். பன்னிரண்டு தடவை போதும். ஒரு நண்பர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தோம். அவர் சரியாகச் சொன்னது ஏழு. முகம் கொஞ்சம் சுருங்கியது. சாயங்காலம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நண்பர் வாங்கியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். கனமான அலுமினிய உடல், விரலுக்கு இதமான குமிழ், ஆல்பத்தின் படத்தை அழகாகக் காட்டும் திரை ஆகியவற்றுக்கும் ஒரு விலை உண்டு. நல்ல கைக்கடிகாரம் கட்டுகிறவர் நேரம் பார்க்க மட்டுமா கட்டுகிறார்? ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பது நேர்மையான காரணம். அதை ‘ஒலி வேறு மாதிரி’ என்று மாற்றிச் சொல்லும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது.

பெட்டியின் ஆயுள்

விலை உயர்ந்த ஸ்ட்ரீமருக்கு ஆதரவாகப் பேச ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதைக் கடைக்காரர்கள் போதுமான அளவு சொல்வதில்லை. இது கணினி, கணினிக்கு வயதாகும். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருபது முப்பது ஆண்டு உழைக்கும். அப்பா வாங்கியதை மகன் கேட்கலாம். ஸ்ட்ரீமரில் முதலில் சாவது மென்பொருள்தான். பெட்டி பளபளவென்று நிற்கும். செயலி திறக்காது, அல்லது நீங்கள் சந்தா கட்டும் சேவை அந்தப் பெட்டியோடு பேச மறுக்கும்.

ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பெயர் இந்த வட்டாரத்தில் பழம்பெயர். ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2003ல் கொண்டுவந்தது. 2006ல் அந்த நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012ல் அந்தப் பெட்டிகளின் தயாரிப்பு நின்றது. அவற்றுக்கான இணையச் சேவை 2024 வரை ஓடிப் பிறகு மூடப்பட்டது. ஆனாலும் அந்தப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் பாடுகின்றன. அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் லிரியன் என்ற பெயரில் அதைத் தொடர்ந்து பராமரித்து வருகிறார்கள். நிறுவனம் கைவிட்ட பிறகும் பொருள் பிழைத்த கதை இந்தத் துறையில் அபூர்வம்.

எம்கியூஏ கதை இதற்கு நேர்மாறு. 2014ல் அறிமுகமான இந்த வடிவம் எதிர்காலம் இதுதான் என்று பேசப்பட்டது. டைடல் அதை ஏற்றது. அந்த மூன்று எழுத்துகள் இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2023ல் அந்த நிறுவனம் நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு ஜூலையில் டைடல் அதை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவான ஃபிளாக் வடிவத்துக்கு வந்துவிட்டது. ஒரு முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 2007ல் கிளைமாக்ஸ் டிஎஸ் என்ற ஸ்ட்ரீமரைக் கொண்டுவந்தது. 2009லேயே இனி சிடி பிளேயர் செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. பின்னாளில் புதிய டேக் பலகை வந்தபோது பழைய பெட்டியை வைத்திருந்தவர்கள் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ள வழி செய்தது. இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஏழாயிரம் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “இந்தக் கம்பெனி பத்து வருஷத்துக்கு முன்னாடி வித்த பெட்டிக்கு இன்னும் அப்டேட் வருதா?” பதிலுக்கு அவர் பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, நான் விரும்புவது அதைத்தான். ஆயுள் நீண்ட பகுதியில் பணத்தைப் போட்டு, ஆயுள் குறைந்த பகுதியை மலிவாக வைத்துக்கொள்வது. விம், புளூசவுண்ட் போன்ற நிறுவனங்கள் சில நூறு வெள்ளியிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை விற்கும் பெட்டிகள் வீட்டுத் தேவைக்குத் தாராளமாகப் போதும். ஆறேழு ஆண்டில் மென்பொருள் பழசாகிப்போனால் மனம் வலிக்காமல் மாற்றலாம். மிச்சப் பணத்தில் ஸ்பீக்கரை மாற்றுங்கள். வித்தியாசம் சமையலறையிலிருந்தே கேட்கும்.

நம் வீட்டுக் கணக்கு

விமர்சனங்களில் இந்தப் பெட்டிகளைச் சோதிக்கும் பாடல்களைப் பார்த்திருப்பீர்கள். ஜாஸ், மேற்கத்திய சாஸ்திரிய இசை, எழுபதுகளின் ராக். நம் வீடுகளில் ஓடுவது அதுவல்லவே. நாம் கேட்பதை வைத்துத்தான் பெட்டியைப் பார்க்கவேண்டும்.

ரஜினியும் ஸ்ரீதேவியும் நடித்த ‘பிரியா’ 1978ல் வந்தது. நம் சிங்கப்பூரில் படமாக்கப்பட்டது என்பதால் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப்படம் என்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்படியென்றால் அதற்கு முந்தைய எம்.எஸ்.விஸ்வநாதன் பாடல்கள், கே.வி.மகாதேவன் பாடல்கள் எல்லாம் ஒரே ஒலித்தடம், மோனோ. அவற்றை 24 பிட்டில் கேட்டாலும் 16 பிட்டில் கேட்டாலும் டேப்பில் இருந்ததுதான் வரும். வித்தியாசத்தை உண்டாக்குவது எந்தப் பிரதியிலிருந்து கணினிக்கு மாற்றினார்கள் என்பது. ஒரே பாட்டு ஒரே சேவையில் நான்கைந்து தொகுப்புகளில் இருக்கும். ஒன்று நல்ல பிரதியிலிருந்து எடுத்தது. இன்னொன்று கேசட்டிலிருந்து எடுத்து இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலினையும் சேர்த்து நீக்கியது. மூன்றாவது வேகம் கூடி, சுருதி ஏறி, பாடகர் பத்து வயது குறைந்து ஒலிப்பது. அரை மணி நேரம் உட்கார்ந்து நல்ல பிரதியைத் தேடிச் சேமித்து வைத்தால், அதற்கு ஈடான மேம்பாட்டை எந்தப் பெட்டியும் தராது. செலவும் இல்லை.

இதோடு சேர்ந்த தலைவலி, தேடுவது. இளையராஜாவின் பெயரையே ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இசையமைப்பாளர் இருப்பார். படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சூப்பர் ஹிட்ஸ் 3’ இருக்கும். சில ஸ்ட்ரீமர் செயலிகள் இந்தக் குழப்பத்தில் திணறிவிடும். கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் பத்துப் பாடல்களைத் தேடிப் பாருங்கள். பெட்டியின் திரையில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா, கட்டம் கட்டமாக வருகிறதா என்றும் பாருங்கள். கர்நாடகக் கச்சேரி கேட்பவர்கள் ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனித் தடங்களாக இருக்கும் ஒரு பதிவைப் போட்டுப் பார்க்கவேண்டும். இடையில் அரை நொடி ஊமையாகும் பெட்டியும் உண்டு. தானத்திலிருந்து பல்லவிக்குப் போகிற இடத்தில் அந்த அரை நொடி பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

எந்தச் சேவையில் கேட்கிறீர்கள் என்பதும் பெட்டியைத் தீர்மானிக்கும். ஸ்பாட்டிஃபை, டைடல் போன்றவை பெரும்பாலான ஸ்ட்ரீமர்களில் நேரடியாக ஓடும். ஆப்பிள் மியூசிக் அநேகமாக ஏர்பிளே வழியாகத்தான் வரும். அந்த வழியில் சிடி தரத்தைத் தாண்டாது. அது போதும், ஆனால் பெட்டியில் ஏர்பிளே இருக்கவேண்டுமே. விம் நிறுவனத்தின் ப்ரோ மாடலில் இருக்கிறது. அதைவிட விலை கூடிய அல்ட்ரா மாடல் அது இல்லாமலேயே வெளிவந்தது. விலை ஏறினால் வசதியும் ஏறும் என்று நினைத்து வாங்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நம் வீடுகளில் பாதிப் பாட்டு யூடியூபில், தொலைக்காட்சியில்தானே ஓடுகிறது? அதற்கு ஸ்ட்ரீமரில் எச்டிஎம்ஐ உள்ளீடு வேண்டும். அந்த அல்ட்ராவில் அது இருக்கிறது, புளூசவுண்டின் நோடிலும் இருக்கிறது. பல்லாயிரம் வெள்ளிப் பெட்டிகள் சிலவற்றில் கிடையாது. அவர்கள் தொலைக்காட்சியை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

இப்போது அத்தைக்கு வருவோம்.

பழைய சிடி பிளேயரில் அவருக்கு என்ன இருந்தது? மூடியைத் திறந்தால் தட்டு தெரியும். ஒரு பொத்தான். அழுத்தினால் பாட்டு. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. புது வீட்டில் பாட்டு இருப்பது மகனுடைய கைப்பேசிக்குள், மருமகளுடைய கைப்பேசிக்குள். இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால் பாட்டும் கூடவே கிளம்பிவிடுகிறது. பெரியவர்களுக்குப் பாட்டுப் போடச் சொல்லித் தெரியாமல் இல்லை, ஒவ்வொரு முறையும் கேட்கக் கூச்சம். “உங்களுக்கு வேலை இருக்கும், பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள். பகல் நிகழ்ச்சி நடத்துகிற எனக்கு இது நன்றாகத் தெரியும். பகல் பதினொரு மணிக்கு நிலையத்துக்குப் போன் செய்யும் பெரியவர்கள் பலர் பாட்டுக் கேட்க மட்டும் பேசுவதில்லை. வீட்டில் அந்த நேரத்தில் வேறு குரல் இல்லை.

ஆகவே என் அளவுகோல் இது: வீட்டிலேயே வயதில் மூத்தவர், மூக்குக் கண்ணாடியைத் தேடாமல், கைப்பேசியைத் தொடாமல், தனக்குப் பிடித்த பாட்டை ஒரே அழுத்தில் போட முடியுமா? முடியும் என்றால் அது நல்ல ஸ்ட்ரீமர். முடியாது என்றால் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அது அந்த வீட்டுக்குப் பாதிப் பெட்டிதான்.

இதற்கு வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. ‘பிரிசெட்’ என்று பெயர். பெட்டியின் மேலோ ரிமோட்டிலோ இருக்கும் எண் பொத்தான்களில் ஒரு பாடல் பட்டியலையோ இணைய வானொலி நிலையத்தையோ பதிந்துவைக்கலாம். புளூசவுண்டின் புதிய நோடில் மேல்பக்கத்திலேயே ஐந்து இருக்கின்றன. விம் ரிமோட்டிலும் உண்டு. 1ஐ அழுத்தினால் சுசீலா, 2 பக்திப் பாடல்கள், 3 வானொலி. (மூன்றை ஒன்றாக மாற்றினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.) வண்ண ஸ்டிக்கர் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஆம்ப்ளிஃபயரும் ஸ்ட்ரீமரும் ஒரே பெட்டியில் இருக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது; இரண்டு சுவிட்சு போட வேண்டிய குழப்பம் இல்லை. தனித்தனியாக இருந்தால், சிக்னல் வந்ததும் தானாக விழித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயரா என்று பாருங்கள்.

வாசகிக்கு நான் எழுதிய பதிலில் ஏழாயிரத்தை இப்படிப் பிரித்துக் காட்டினேன். இருக்கும் ஸ்ட்ரீமர் அப்படியே இருக்கட்டும். பிரிசெட் பொத்தானுள்ள ரிமோட் அதற்குக் கிடைக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மட்டும் அதே விலைக்குள் மாற்றுங்கள். மூவாயிரம் ஸ்பீக்கருக்கு. ஒரு கனமான கம்பளமும் தடித்த திரைச்சீலையும் முந்நூறு நானூறு வெள்ளிக்கு. நம் வீவக வீடுகளின் வரவேற்பறை ஓடு பாவிய தரை, வெற்றுச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்; சுவரும் திரும்பத் தட்டும். அந்த எதிரொலியோடு போட்டி போட எந்தப் பெட்டியாலும் முடியாது. மிச்சப் பணம் வங்கியிலேயே கிடக்கட்டும், புது வீட்டுக்கு வேறு செலவா இல்லை?

இணையத்தைப் பற்றிய சந்தேகமும் அவருக்கு இருந்தது. 1 கிகாபிட் இணைப்பில் சிடி தரப் பாட்டு எடுத்துக்கொள்வது ஆயிரத்தில் ஒன்றரை பங்கு. வேகத்தைக் கூட்டுவதால் ஒலி கூடாது. நூற்றுக்கணக்கில் விற்கும் ‘இசைக்கான’ நெட்வொர்க் கம்பிகளும் அப்படியே. தரவு சரியாக வந்து சேர்ந்ததா என்று பெட்டி சரிபார்த்துக்கொள்கிறது. வராத துண்டை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறது. பாட்டு விட்டுவிட்டு வந்தால் காரணம் பெரும்பாலும் வேறு: ரவுட்டரைப் பாம் ஷெல்டருக்குள் வைத்து அந்த இரும்புக் கதவையும் சாத்தியிருப்போம். பத்து வெள்ளிக்குச் சாதாரணக் கம்பி வாங்கி ரவுட்டரையும் ஸ்ட்ரீமரையும் நேராக இணைத்தால் தீர்ந்தது.

கரோசலில் பழைய பெட்டி தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசைக்கு ஒரு பெரிய பெயரை வாங்கிப் பார்க்க நல்ல வழி. விலை பாதிக்கும் கீழே இருக்கும். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் விற்பவர் வீட்டிலேயே உங்கள் கைப்பேசியில் செயலியை இறக்கி, உங்கள் கணக்கில் ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அவருடைய கணக்கை நீக்கிவிட்டுப் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பச் சொல்லுங்கள். கடைசி மென்பொருள் அப்டேட் எந்த ஆண்டு வந்தது என்று பாருங்கள். ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பெட்டியாக இருந்தால் பின்பக்கம் 100 வோல்ட் என்று இருக்கலாம். நம் 230ல் நேராகச் செருகினால் அத்தோடு கதை முடிந்தது.

அத்தையின் சிடிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றும் எழுதியிருந்தேன். சேவைகளில் இருக்கும் பாட்டு நமக்குச் சொந்தமில்லை. உரிமைத் தகராறு வந்தால் ஒரு காலையில் அந்தப் பாடல் சாம்பல் நிறமாகிக் கிடக்கும், தொட்டாலும் பாடாது. இங்கே தொண்ணூறுகளில் உள்ளூர்க் கலைஞர்கள் வெளியிட்ட எத்தனையோ தொகுப்புகள் எந்தச் சேவையிலும் ஏறவே இல்லை. கணினியில் செருகும் ஒரு சிடி டிரைவ் நாற்பது ஐம்பது வெள்ளிதான். ஃபிளாக் வடிவில் எடுத்தால் ஒரு சிடிக்குச் சுமார் 350 மெகாபைட். 1 டெராபைட் டிஸ்கில் இரண்டாயிரத்துக்கு மேல் அடங்கும். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர், ஆல்பம் கலைஞர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், கலைஞர் என்ற இடத்தில் பாடியவர்கள் என்று ஆரம்பத்திலேயே ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வேறு அறையில் வையுங்கள்.

அவர் பதில் அனுப்பியிருக்கிறார். அத்தையின் பெட்டியில் 140 சிடி இருந்ததாம். வாரத்துக்குப் பத்து என்று எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எந்தப் படம், எந்த ஆண்டு, யார் பாடியது என்று சொல்வது அத்தை. தட்டச்சு செய்வது மகன். ஸ்பீக்கர் இன்னும் வாங்கவில்லை.